கோட்டுக்குள் ஒரு சோற்றுக் கிண்ணம்

இனி ஒரு படம்கூட வாங்க மாட்டேன் என்று என் மனைவி கசுயோவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். எல்லாம் லினோலியம் என்னும் மெத்தென்ற தகட்டில் செதுக்கி அச்சடித்த, உள்ளங்கை அகலப் படங்கள். முள்ளங்கித் துருவி, சோயா புட்டி, சோற்றுக் கரண்டி, கெட்டில் என்று நாற்பது சேர்ந்துவிட்டன. ஜப்பானில், கனஸாவா ஊரில், எங்கள் சமையலறையில் அசல் துருவியை வைக்க இடமில்லை.

சத்தியம் பதினோரு நாள் தாங்கியது. பன்னிரண்டாம் நாள், சோற்றுக் கிண்ணமும் சூப்புக் கிண்ணமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் படம் ஒன்றைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வந்தேன். கோட்டை வாங்கி மாட்டுவது கசுயோ என்பது மறந்துபோயிற்று.

"இது என்னங்க?"

"வாங்கலை. நானே செதுக்கினேன்."

எப்படித்தான் வாயில் வந்ததோ. இருபத்தாறு வருஷத்தில் இந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணிகூட அடித்தவனில்லை நான்.

கசுயோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். "கை நல்லா வருதே. அப்போ இந்த வருஷம் புத்தாண்டு அட்டை எல்லாம் நீங்களே அடிச்சிருங்க. இதே கிண்ணம். முதல் அட்டை எங்கப்பாவுக்கு."

மாமனாருக்கு எண்பத்தெட்டு வயது. மாட்டேன் என்றால் குட்டு உடைந்துவிடும். லினோலியமும் உளியும் வாங்கி வந்து மூன்று நாள் செதுக்கினேன். இரண்டு விரலில் கட்டு. எங்கள் சாப்பாட்டு மேசையைப் பார்த்து அப்படியே செதுக்கினேன், சோறு இடப்பக்கம், சூப்பு வலப்பக்கம். மை தடவி, அட்டையை வைத்துத் தேய்த்து, உரித்தேன்.

சோறு வலப்பக்கம் போயிருந்தது. அச்சில் இடம் வலமாகும் என்பது நாற்பது படம் சேர்த்த ரசிகனுக்குத் தெரியவில்லை. எங்களில் சோற்றை வலப்பக்கம் வைப்பது செத்தவர்களுக்கு.

கசுயோ எட்டிப் பார்த்தாள். "எங்கப்பாவுக்கு இப்பவே படைக்கிறீங்களே, அப்படி என்னங்க அவசரம்?"

 தலை குனிந்தபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"இப்ப அட்டைக்கு என்ன செய்யறது?"

"அச்சாபீஸ்ல அடிச்சு, நீங்க உளி வாங்கப் போன அன்னிக்கே தபால்ல போட்டாச்சு."

"அப்பவே தெரியுமா? எப்படி?"

"கோட்டுக்குள்ள இருந்த, நீங்க செதுக்கின படத்துக்கு அடியில பென்சில்ல கையெழுத்து இருக்குங்க. பொம்பளை பேரு."