இதில் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டு

பாதிக் காதுக்காரர் என்றோர் இனம் உண்டு, வாசகரே. டாக்டர் பத்து வார்த்தை சொன்னால் தமக்குத் தோதான நாலை மட்டும் பொறுக்கிக்கொண்டு, மிச்சத்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே உதறிவிட்டு, வீட்டுக்கு வந்து "டாக்டரே சொல்லிட்டாரு" என்று சட்டம் பேசுவார்கள். ஃப்ரெஸ்னோ நகரில் எங்கள் ஆர்மீனியர் தெருவில் இந்த இனத்துக்குத் தலைவர் கராபெத்.

திராட்சையைத் தோட்டத்து மண்ணில் தாள் விரித்து உலர்த்தி விற்றே முதுகு வளைந்தவர். இப்போது சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, டயாலிசிஸில் ஓடுகிறது பிழைப்பு. தண்ணீரைக் குறையுங்கள், பொட்டாசியத்தையும் குறையுங்கள் என்றார் டாக்டர். இவர் காதில் ஏறியது முதல் பாதி. தண்ணீர்தானே ஆகாது? தம்ளரை ஒதுக்கிவிட்டு, உலர்திராட்சையும் காய்ந்த ஆப்ரிகாட்டுமாக அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார். மனைவி சிரானுஷ் முறைத்தால், "இதுல ஒரு சொட்டுத் தண்ணி காட்டு பாப்போம்" என்பார். இவரோடு என்னத்தை வாதாடுவது? நாலு பவுண்டு பழம் காய்ந்தால் ஒரு பவுண்டுதான் தேறும் என்று கல்யாண வீட்டில்கூட வகுப்பெடுக்கிற மனுஷர், நாலு பவுண்டின் சத்தும் அந்த ஒரு பவுண்டுக்குள்தானே உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் யோசிக்க மாட்டார்.

ரத்தப் பரிசோதனையில் குட்டு உடைந்தது. டயாலிசிஸ் நிலையத்தில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் மாய் என்ற பெண் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"சார், காயவச்சா போறது தண்ணி மட்டும்தான். பொட்டாசியம் அப்படியே இருக்கு. அது ரத்தத்துல ஏறிட்டா இதயம் சொல்லாம கொள்ளாம நின்னுரும்."

கூட வந்திருந்த சிரானுஷ் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். எதைத்தான் தின்பது என்று கராபெத் முனகினார். திராட்சை, ஆப்ரிகாட், பேரீச்சை பக்கமே போகாதீர்கள், காய்ந்த கிரான்பெரி வேண்டுமானால் கொஞ்சம், அதுவும் உங்கள் ரத்த அளவைப் பார்த்து நாங்கள் சரி என்ற பிறகு, அளந்து என்றாள் மாய்.

அன்று சாயங்காலமே மைத்துனர் வந்தார். விருந்தாளி முன் வெறும் காபி வைக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. உலர்பழத் தட்டும் கூடவே வந்தது. கராபெத்தின் கை நைசாக நீண்டது.

"உலர்பழம் சாப்பிடலாம்னு அந்தப் பொண்ணே சொல்லிட்டா, மச்சான்."

சிரானுஷ் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். விருந்தாளி கண்ணெதிரில். எங்கள் தெருவில் இதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை. மைத்துனர் காபியைப் பார்த்தார், கராபெத் சுவரைப் பார்த்தார். திரும்பி வந்தவள் கணவர் எதிரே நின்று கேட்டாள்.

"நீங்க போயிட்டா, நான் காபி போட்டு யார் முன்னால கொண்டாந்து வைக்கிறது?"

கராபெத் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை முழுசாகக் கேட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள், நல்லது. ஆனால் சிறுநீரகக் கோளாறோடு படுத்திருக்கும் சித்தப்பாவை நாளைக்குப் பார்க்கப் போகும்போது, "கிரான்பெரி சாப்பிடலாமாம், படிச்சேன்" என்று ஒரு பெரிய பொட்டலம் வாங்கிக்கொண்டு போகப்போவது யார்?