மிதி மாமாவும் என் கணுக்காலும்

உலகத்தில் காலுக்காகவே மரியாதை வாங்கிய மனிதர் எங்கள் மிதி மாமா ஒருவர்தான். இலங்கையில் கஹவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். பிறக்கும்போது தலைக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு வந்தாராம். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு ஓடிப்போகும் என்பது, வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் லயத்து நம்பிக்கை.

மிதிக்கிற வலது காலுக்கு அவர் செய்த உபசாரம் கொஞ்சமல்ல. தோட்டத்துத் துரை வீசியெறிந்த ஒற்றைப் பூட்ஸை அதில் மாட்டிக்கொள்வார். இடது கால் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு வெறுங்காலாக வரும். கேட்டால், "அது சும்மா கூட வர்ற காலு" என்பார். கணக்கப்பிள்ளைக்கு முதுகு பிடித்தபோது அவரே சாக்கில் குப்புறப் படுத்தாராம். அவர்மேல் கால் வைத்தும் வேலை போகாத ஒரே ஆள் மாமாதான்.

அரநாயக்கப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக முடிவான வாரம், பால் வாளியோடு மழைச் சரிவில் கால் பிரண்டு விழுந்தேன். கணுக்கால் பணியாரமாக வீங்கிவிட்டது. நொண்டி என்று போய்விடுவார்களே என்று அம்மாவுக்குப் பயம். மாமாவைக் கூட்டி வந்து, நன்றாக ஏறி மிதிக்கும்படி கெஞ்சினாள்.

மாமா பூட்ஸைக் கழற்றினார். நான் கண்ணை இறுக்கி மூடினேன். மிதி விழவில்லை. எலும்பை மெல்லத் தடவிப் பார்த்து, ஊன்ற முடிகிறதா என்று கேட்டார். கொஞ்சம் முடிந்தது. முடியாவிட்டால் டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போயிருப்பாராம்.

"எலும்பு இல்ல தங்கச்சி, நரம்பு இழுத்துக்கிச்சு. முதுகுன்னா மிதிக்கலாம். வீங்கின கால நான் மிதிச்சாலும் கெட்டுத்தான் போகும்" என்றார் அம்மாவிடம்.

மிதிக்காத மிதி மாமா என்று லயமே சிரித்தது. அவர் என் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, ஓடைத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றினார். வேலை விட்டதும் தினமும் வந்து வாசலில் காவல் இருந்தார். என்னோடு பேசமாட்டார். பேச்சுக்கே கூச்சப்படுகிற எனக்கும் அது சௌகரியம். காலோடுதான் பேசுவார்.

"என்ன தாயி, கோவம் கொறஞ்சிருக்கா?"

வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னார். அசைத்தது நான். அவர் மெச்சியது காலை.

பெண் பார்க்கிற நாள் வந்தது. வழக்கப்படி நான்தான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எழப் பார்த்தேன். மாமா கையமர்த்திவிட்டுத் தட்டைத் தானே தூக்கினார். முறுக்கு மீசை, ஒற்றைப் பூட்ஸ், கையில் தேத்தண்ணி. பெண் வருவாள் என்று தலைகுனிந்திருந்த மாப்பிள்ளை, முதலில் பார்த்தது அந்தப் பூட்ஸைத்தான்.

மாப்பிள்ளையின் தாய் விடவில்லை. "பொண்ண நாலு எட்டு நடக்கச் சொல்லுங்க, பாப்போம்."

மாமா குறுக்கே வந்து நின்றார்.

"பொண்ணுக்குக் கால் பெரண்டிருக்கு. இன்னைக்கு உங்களுக்காக நடந்துச்சுன்னா காலம் பூரா நொண்டும். நல்லா நடக்கிற பொண்ணு வேணும்னா அடுத்த மாசம் வாங்க."

சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தோம். மாப்பிள்ளை மட்டும் தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையை மாமாவிடமே நீட்டினார். "வர்றோங்க மாமா" என்றார்.

சொன்னபடி வந்தார்கள். நானும் நொண்டாமல் நடந்தேன்.

கல்யாணத்தன்று அம்மி மிதிக்க மாப்பிள்ளை குனிந்து என் காலைப் பிடித்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமா பக்கத்தில் வந்து நின்றார். அன்று அவருக்கு இரண்டு காலும் வெறுங்கால்.

"மெதுவாப் புடிங்க மாப்ள. அது எங்க காலு."