கவிழ்த்துப் பார்ப்பவர்

பெயிண்டர் ஞானராஜுக்குப் பத்து வருடமாக ஒரு மனக்குறை உண்டு. தொண்ணூற்றிரண்டில் ஒரு சோலியாகச் சென்னைக்குப் போனவன், அக்கா புருஷன் பெலிக்ஸுக்கு ராணுவப் பொம்மை வண்டிகள் என்றால் உயிராயிற்றே என்று ஒரு பச்சை ஜீப் வாங்கி, திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைக்காமல், கூட்டத்தில் நசுங்கிவிடக்கூடாதென்று அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே விழுப்புரம் வரைக்கும் நின்று, திண்டுக்கல்லில் இறங்கி, பல்கூட விளக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தான். பெலிக்ஸ் வாங்கினார். கவிழ்த்துப் பார்த்தார்.

"ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கு மாப்ள. நம்ம ராணுவத்துல அப்படி இல்ல."

சாயங்காலம் அந்த ஜீப் எதிர்வீட்டுப் பிள்ளையின் கையில் இருந்தது. மறுநாள் சாக்கடையில் இருந்தது. எம்புட்டுத் தூரத்திலிருந்து சுமந்துகொண்டு வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டாமா? கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

மனிதர்களை ஊர் உலகத்தில் எத்தனையோ விதமாகப் பிரிக்கிறார்கள். நமக்கு இரண்டே பிரிவு போதும். ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் "நல்லாருக்கே" என்பவர்கள் ஒரு பிரிவு. கவிழ்த்துப் பார்ப்பவர்கள் மறு பிரிவு. இரண்டாவது கூட்டம் சிறியதுதான். ஆனால் தெருவுக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். இல்லையென்று நீங்கள் நினைத்தால், உங்கள் தெருவில் அது யார் என்று மற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பெலிக்ஸ் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். பட்டாளத்தில் இருந்ததில்லை. வடக்கே அவர் போன கடைசி ஊர் காட்பாடி. போர்க்களம் என்று அவர் கண்ணால் கண்டது, பழனி பஸ்ஸில் தைப்பூசத்துக்குச் சீட்டுப் பிடிக்கிற நேரத்தைத்தான். ஆனால் எந்தச் சண்டையில் எந்த வண்டி எந்த நிறத்தில் போனது, எந்தச் சிப்பாயின் சட்டையில் எத்தனை பொத்தான் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். நூர் அகமதுவின் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வரும் இங்கிலீஷ் புத்தகங்கள்தான் அவருடைய பல்கலைக்கழகம். இங்கிலீஷ் அவருக்கு அவ்வளவாக ஓடாது. அதனால் என்ன? படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதற்கு இங்கிலீஷ் எதற்கு?

மற்றவர்கள் வீட்டு ஷோகேஸில் வேளாங்கண்ணிச் சிப்பி மாதாவும், கல்யாணப் போட்டோவும், பிள்ளைகள் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கப்பும் இருக்கும். பெலிக்ஸ் வீட்டு ஷோகேஸில் டேங்கும் லாரியும் பீரங்கியும் சுண்டுவிரல் உயரச் சிப்பாய்களும் இருந்தார்கள். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் இருந்தது. அவற்றுக்கு வர்ணம் அடிக்கிற பாக்கியம் ஞானராஜுக்கு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாரிகளுக்கு நம்பர் எழுதிப் பிழைக்கிற அவனைக் கூப்பிட்டு, தீப்பெட்டி அளவு லாரி ஒன்றைக் கொடுத்துப் பச்சை அடிக்கச் சொல்வார். அடித்துக் கொண்டுபோனால், இது கிளிப்பச்சை, அப்படி இல்ல. மறுபடி அடித்தால், இது பாசிப்பச்சை, அப்படி இல்ல.

"பெறகு எப்படித்தான் மச்சான்?"

"மழை பெஞ்சு வெறிச்ச பிற்பாடு மலைக்கோட்டைப் பாறையில தெற்கு முகத்தைப் பாரு. ஓரத்துல ஒரு பச்சை தெரியும். அதுல ஒரு சிட்டிகை மண்ணைக் கலந்த மாதிரி."

மழைக்காகக் காத்திருந்து, பாறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அடித்தான் ஞானராஜ். சரியாக இருந்தது. பெலிக்ஸ் அதன் மேல் செங்கல் பொடியையும் முகப்பவுடரையும் குழைத்துப் பூசினார். சண்டைக்குப் போன வண்டி பளபளவென்று இருக்குமா? இருக்காதல்லவா? ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் இப்படிச் சரித்திரப்படி அழுக்காக்கி வைத்த வண்டிகளை, கிறிஸ்துமஸுக்கு வீடு ஒதுக்கிய அக்கா வியாகுலம்மாள், புருஷன் சாவியை ஷோகேஸ் பூட்டிலேயே மறந்துவிட்டு வேலைக்குப் போன ஒரு காலைப்பொழுதில் ஈரத்துணி போட்டுத் துடைத்து, பளிச்சென்று வரிசையாக அடுக்கிவைத்தாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் பிரியாணி கிடையாது.

இந்த ரகத்து மனிதர்கள் வீட்டோடு நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, கோயில் வளாகத்தில் பாடுகளின் நாடகம். ஆண்டவர் சிலுவையோடு விழுந்து எழுகிறார். சாட்டையோடு நிற்கிறான் ரோமாபுரிச் சிப்பாய். ஊரே அழுகிறது. பெலிக்ஸ் எழுந்து, "ரோமாபுரிப் பட்டாளத்துல அந்தக் காலத்துல மழுங்கச் சிரைச்சிருப்பாங்க. இந்த மீசை அப்படி இல்ல" என்றார். மீசைக்காரன் எடுக்க மாட்டேன் என்றான். ஒருவர் பங்குத்தந்தையைக் கூப்பிடப் போனார். இன்னொருவர் சவரக்கத்தி தேடப் போனார். வழக்குத் தீரும் வரைக்கும் ஆண்டவர் சிலுவையோடேயே நின்றார்.

சிரிக்கலாம். அவருக்குக் கல்யாண வயதில் பெண் இருக்கும்போது சிரிக்க முடியுமா? பெலிக்ஸுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் லிடியா டீச்சர். அவளுக்கு வந்த முதல் இடம், மாப்பிள்ளையின் தாத்தா பட்டாளத்து உடுப்பில் நிற்கிற படத்தைக் காட்டினார்கள். மெடல் வலது பக்கம் இருக்கு, அப்படி இல்ல என்றார். போட்டோவை இடவலம் மாற்றிக் கழுவியிருக்கிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது, ஆனால் அதற்குள் அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். இரண்டாவது இடம் எப்படிப் போனது என்று இங்கே சொல்வதற்கில்லை. அதில் ஒரு சாமியாரும் சம்பந்தப்பட்டிருக்கிறார்.

மூன்றாவது, இரண்டாயிரத்து ஒன்றில். மாப்பிள்ளை ஆல்வின், லிடியா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலேயே டீச்சர். இருவருக்கும் ஏற்கெனவே பேச்சு முடிந்துவிட்டது. பெரியவர்கள் பேசவேண்டியதுதான் பாக்கி. ஊர் தொப்பம்பட்டிப் பக்கம். அப்பா சந்தியாகு, ஓய்வு பெற்ற அவில்தார். பட்டாளத்தில் விஜயந்தா டேங்க் ஓட்டியவர். இதைக் கேட்டதும் வியாகுலம்மாளுக்கு நெஞ்சில் கை போனது.

"ஏலே ஞானராசு, அங்க டேங்கு கீங்கு எதுவும் வச்சிருப்பாங்களா?"

"பட்டாளத்தாரு வீடுக்கா. இல்லாமலா?"

"அப்ப எம்பிள்ளைக்கு இந்த சென்மத்துல கல்யாணம் இல்ல."

லிடியா அப்பாவிடம் நேராகவே வந்தாள். "அப்பா, உங்களை நான் எதுவும் கேட்டதில்ல. அங்க போய் எதைப் பார்த்தாலும் நல்லாருக்குன்னு சொல்லுங்க. ஒரு நாள். ஒரே ஒரு நாள்." அழவில்லை. அழுதிருந்தால்கூட பெலிக்ஸ் தப்பித்திருப்பார். புனித அந்தோணியார் படத்தின் முன்னால் சத்தியம் பண்ணிக்கொடுத்தார். மீறினால் தொடையைக் கிள்ளுவதற்கென்று ஞானராஜை உடன் அனுப்பினார்கள்.

அவில்தார் வீட்டில் டி.வி. பெட்டியின் மேல், பின்னல் துணி விரித்து, அதன் மேல் ஒரு மர டேங்க். முழங்கை நீளம். வார்னிஷ் அடித்து மின்னியது. ஓய்வு பெறும்போது கூட்டாளிகள் சேர்ந்து எங்கேயோ ஒரு தச்சரிடம் செய்யச்சொல்லிக் கொடுத்தது. பெலிக்ஸ் நாற்காலியில் உட்காருமுன் அதைப் பார்த்துவிட்டார். உட்கார்ந்த பிறகு சன்னலைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கழுத்து தானாகத் திரும்பியது. மிக்சர் தட்டை நீட்டினால் டம்ளரை எடுத்தார். ஞானராஜ் தொடைக்குப் பக்கத்தில் விரலைத் தயாராக வைத்திருந்தான்.

கல்யாணத் தேதி வரைக்கும் பேச்சு போயிற்று. புறப்படும் நேரம் அவில்தார் எழுந்து, அந்த டேங்கை இரண்டு கையாலும் தூக்கி வந்து பெலிக்ஸ் மடியில் வைத்தார்.

"ஏனுங்க, உங்களுக்கு இதுல ரொம்ப ஈடுபாடுன்னு பையன் சொன்னானுங்க. பார்த்துச் சொல்லுங்க, நம்ம விஜயந்தா எப்படி?"

கை கவிழ்க்கப் போனது. கிள்ளு விழுந்தது. நின்றது.

"நல்லாருக்கு."

"நல்லாப் பாருங்க."

"ரொம்ப நல்லாருக்கு."

"ஒண்ணும் சொல்றதுக்கு இல்லீங்களா?"

பெலிக்ஸ் கண்ணை மூடிக்கொண்டு, "பிரமாதம்" என்றார். ஒரு மனிதன் தன் பிள்ளைக்காக என்னென்ன தியாகமோ செய்கிறான், கிட்னியைக்கூடக் கொடுக்கிறான். இது அதற்கு மேல். திரும்பி வரும் பஸ்ஸில் ஒட்டன்சத்திரம் வரைக்கும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். அப்புறம், "அஞ்சு சக்கரம் மாப்ள" என்றார். அவ்வளவுதான். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஆல்வின் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து லிடியாவிடம் சொன்னான். அப்பாவுக்கு இந்த இடம் வேண்டாமாம். ஏன்? அந்த டேங்க் தப்பு. அது அவருக்குத் தெரியும். வாங்கிய நாளிலிருந்து தெரியும். கூட்டாளிகள் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டு வாங்கியதிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல். அதன் பிறகு வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவர் மடியிலும் வைத்துக் கேட்டுவிட்டார்; எல்லோரும் பிரமாதம் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர் என்று பெலிக்ஸை நம்பியிருந்தார். "ஒண்ணு அந்த ஆளுக்கு ஒரு மண்ணும் தெரியாது, இல்லீன்னா தெரிஞ்சுக்கிட்டே பொய் சொல்றாரு. ரெண்டுல எதுவானாலும் நமக்கு ஆகாதுங்கிறார்."

லிடியா அன்று சாப்பிடவில்லை. வியாகுலம்மாள் புருஷனைத் திட்ட வாயைத் திறந்தாள். என்ன சொல்லித் திட்டுவது? சொன்னதைச் செய்தார் என்றா? வாழ்க்கையிலேயே முதல் முறையாக வாயை மூடியிருந்தார், அதனால் பெண்ணின் கல்யாணம் நின்றது.

பெலிக்ஸ் மட்டும் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்குத் தெரியாதுன்னா சொன்னாரு? எனக்கா?"

மறுநாள் முதல் பஸ். ஞானராஜ் சட்டைப் பொத்தான் போட்டது பழனியில்தான். அவில்தார் வேப்பங்குச்சியோடு வாசலில் நின்றார். பெலிக்ஸ் வணக்கம் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றவில்லை.

"பக்கத்துக்கு ஆறு சக்கரம் இருக்கணும், அஞ்சுதான் இருக்கு. பீரங்கிக் குழல்ல வீக்கம் நடுவுல வரணும், உங்காளு நுனியில வச்சிருக்கான். அது ருசியாக்காரன் டேங்குல. டிரைவர் மூடி வலது பக்கம் இருக்கணும், இடது பக்கம் போட்டிருக்கான். இதை உள்ள நுழையும்போதே பார்த்தேன். உக்காருமுந்தியே பார்த்தேன்!"

அவில்தார் வாயிலிருந்த குச்சியை எடுத்தார். கண் கலங்கியிருந்தது.

"வலது பக்கமுங்க," என்றார். "பதினாறு வருசம் வலது பக்கம் உக்காந்து ஓட்டினவன். இடது பக்கம் மூடியை வச்ச டேங்கைக் கொடுத்து, உன் வண்டிடாங்கிறானுங்க. என் வீட்டுக்காரிகூட இதுல என்ன இருக்குதுங்கிறா."

"என்ன இருக்கா? அம்புட்டும்ல இருக்கு!"

இருவரும் டேங்கைத் தூக்கி வந்து வாசலில் வைத்துக் கவிழ்த்தார்கள். அடியிலும் தப்பு இருந்தது. அதைக் கண்ட சந்தோஷத்தை வர்ணிக்க முடியாது. பிறகு நிறத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. டேங்குகளுக்கு மணல் நிறப் பூச்சு எந்த வருடம் அடித்தார்கள் என்பதில் பெலிக்ஸ் ஒன்று சொன்னார். அவில்தார், "அப்படி இல்லீங்க" என்றார். பெலிக்ஸின் முகம் மாறியது. அவரிடம் யாரும் அதுவரைக்கும் அப்படிச் சொன்னதில்லை. குரல் ஏறியது. டீ ஆறியது. வெயில் ஏறியது.

ஞானராஜ் நடுவில் புகுந்து, "அப்ப அந்தக் கல்யாண விசயம்…" என்றான்.

"செத்த இரு மாப்ள!"

"இருங்க தம்பி!"

அவில்தார் மனைவி உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஞானராஜிடம் சொன்னாள்: "தம்பி, பொண்ணைக் கொடுத்துருங்க. சம்பந்தம் ஆயிட்டா இவரு அங்கியே வந்து பேசிக்குவாரு. எனக்குக் காது ஓஞ்சுபோச்சுங்க."

அப்படித்தான் லிடியாவுக்குக் கல்யாணம் நடந்தது. பூசைக்கு நடுவே மணல் பூச்சுப் பேச்சு எழுந்தது என்பதும், சாமியார் இரண்டு முறை இருமினார் என்பதும் உண்மை. பெண்ணும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறார்கள். சம்பந்திகள் மாதத்துக்கு ஒரு முறை பேச்சு வார்த்தையை முறித்துக்கொண்டு, மறு பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். வியாகுலம்மாள்தான் இப்போது இரண்டு பேருக்குச் சோறு போடுகிறாள்.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தபடி படித்திருப்பீர்கள், பரவாயில்லை. ஆனால் நடுவில் ஏதாவது ஓரிடத்தில், சக்கரத்திலோ மீசையிலோ பஸ் போகிற வழியிலோ, நாக்கு நுனியில் ஒரு சொல் வந்து நின்றதா? நின்றிருந்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். இப்படி ஒன்று எழுதப்படுகிறது என்று ஞானராஜ் போய்ச் சொன்னபோது பெலிக்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. அடுப்படியில் வெஞ்சனத்துக்கு நறுக்கிக்கொண்டிருந்த சின்ன மகள் பிலோமினாவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்:

"மாப்ள, அதைப் படிச்சிட்டு எவராச்சும் ‘இது அப்படி இல்ல’ன்னு வந்து நின்னா சண்டை கிண்டை போட்றாத. உள்ள கூப்பிட்டு உக்கார வையி. கல்யாண வயசுல பையன் இருக்கானான்னு கேளு."