படியேறாத அப்போஸ்தலர்

கர்த்தருக்குள் அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி வராந்தாவிலிருந்து உன் அத்தான் எழுதுவது. நான் நலம். உன் நலத்தை விசாரிக்க வேண்டியதில்லை. சுவருக்குச் சுவர் ஜெபக்கூட்டப் போஸ்டரில் உன் படத்தைப் பார்க்கிறேன், கன்னமெல்லாம் நன்றாகவே இருக்கிறது. உன் அக்காதான் நலமில்லை. நாளை மறுநாள் காலை அவளுக்கு இருதயத்தில் ஆபரேஷன். "தம்பி வந்து தலையில கை வெச்சு ஜெபம் பண்ணாத்தான் கையெழுத்துப் போடுவேன். இல்லேன்னா என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று ஒரே பிடிவாதம். வீட்டுக்குக் கூட்டிப்போனால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

உன்னைப் போனில் பிடிக்கப் பார்த்தேன். முன்பெல்லாம் மணி அடித்தவுடன் "சொல்லுங்க அத்தான்" என்பாய். இப்போது வேறு யாரோ எடுத்து, "அப்போஸ்தலர் தியானத்துல இருக்கார். நீங்க யாரு?" என்றார். "அவரோட அக்கா புருஷன்" என்றேன். "எந்தச் சபை?" என்று கேட்டார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் விஷயத்தை மட்டும் சொல்லி வைத்தேன். நீயும் நேற்று வந்தாய், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் லிஃப்ட் பழுது. நீ காரை விட்டு இறங்காமல், ஆயுததாரி என்று நீ கூடவே வைத்திருக்கும் உதவியாளரை மேலே அனுப்பினாய். ஆயுதம் என்று அந்த மனிதர் கையில் இருந்தது ஒரு தண்ணீர் பாட்டிலும் உன் முகம் துடைக்கும் துண்டும்தான். பாவம், மூச்சு வாங்கிக்கொண்டே ஒப்பித்தார்: "அப்போஸ்தலர் படியேறி வர்றது முறையில்லைங்க. லிஃப்ட் சரியானதும் வருவார். அப்புறம், வார்டுல எல்லாரும் அவரை அப்போஸ்தலர்னுதான் கூப்பிடணும். தம்பி, மாப்பிள்ளைன்னெல்லாம் கூப்பிட்டா அபிஷேகத்தோட வல்லமை குறைஞ்சிடும்." நான் வராந்தாவிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குள் கீழே கார் கிளம்பிவிட்டது. இன்று அதே மனிதர் மறுபடியும் வந்து என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நிபந்தனைக்குச் சம்மதம் என்று எழுத்தில் வேண்டுமாம். அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், பொறுமையாகப் படி.

நீ ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தபோது பெயின்ட் கடை மாடியில் ஜெபக்கூட்டம் ஆரம்பித்தாய். அப்போது நீ சகோதரர். கூட்டம் பெருகியதும் போதகர் ஆனாய், சந்தோஷப்பட்டோம். பிறகு தீர்க்கதரிசி ஆனாய். மழை வரும் என்று மழைக்காலத்தில் சொன்னாய், வந்தது; அதற்கும் கை தட்டினோம். போன மாதம் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் உன் தலையில் ஒரு பாட்டில் எண்ணெயைக் கவிழ்த்து அப்போஸ்தலர் ஆக்கிவிட்டுப் போனார். அவரை அப்போஸ்தலர் ஆக்கியது யார் என்று விசாரித்தேன். அவரும் அவருடைய நண்பரும் ஒரே மேடையில் ஒருவர் தலையில் ஒருவர் கை வைத்துக்கொண்டார்களாம். வேலை சுலபமாக முடிந்திருக்கிறது.

மாப்பிள்ளை, காலமெல்லாம் மேஸ்திரி வேலை பார்த்தவன் நான். இயேசு தாமே தேர்ந்து அனுப்பிய அப்போஸ்தலர்கள்தான் சபையின் அஸ்திவாரம் என்று நீயே பிரசங்கம் பண்ணியிருக்கிறாய். அஸ்திவாரம் என்பது ஒரு தடவை போடுகிற காரியம். சுவர் எழுப்பி, தளம் போட்டு, வெள்ளையடித்து, ஆட்கள் குடியேறி இத்தனை காலம் ஆன பிறகு, ஒருவன் மொட்டை மாடியில் நின்றுகொண்டு "நான்தான் இந்த வீட்டுக்கு அஸ்திவாரம்" என்றால், அவனைப் பத்திரமாகக் கீழே இறக்கி நிழலில் உட்காரவைக்கத்தான் சொல்வேன். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடம் காலியானது, சீட்டுப் போட்டு ஒருவரை எடுத்தார்கள். அதற்கும் உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும் என்று கறாராகப் பார்த்தார்கள். நீ கண்டதாகச் சொல்லும் தரிசனம், மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு எங்கள் வீட்டு நாற்காலியில் தூங்கியபோது கண்டது. அன்று நீ விட்ட குறட்டைக்கு நானே சாட்சி.

வரம் இன்றும் உண்டு, சபை முழு வளர்ச்சி அடையும்வரை அப்போஸ்தலர்கள் தேவை என்பாய். நம் சபையில் மின்விசிறிக்கு அடியில் யார் உட்காருவது என்று நடக்கும் சண்டையைப் பார்த்தால், அந்தக் கணக்குப்படி தெருவுக்கு ஒரு அப்போஸ்தலர் வேண்டும்தான். சரி, ஒருவரும் போகத் துணியாத இடத்துக்குப் போய்ச் சபையை நடுகிறவனை அப்படி அழைத்தால் நானும் எழுந்து நிற்பேன். உன்னால் போக முடியாத இடமோ மூன்றாம் மாடி. அப்போஸ்தலர் பவுல் அடிவாங்கினார், சிறைக்குப் போனார், கப்பல் உடைந்து கடலில் கிடந்தார். உன்னை ஒரே ஒரு லிஃப்ட் திருப்பி அனுப்பிவிட்டது. அதுவும் முன்பு நீயே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருக்கக்கூடிய லிஃப்ட்.

ஆகையால் நிபந்தனைக்குச் சம்மதம் இல்லை. அப்போஸ்தலராக வருவதானால் காரிலேயே இரு. மாப்பிள்ளையாக வருவதானால் படி இருக்கிறது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். கிருபையும் சமாதானமும் உன்னோடு இருப்பதாக. மாலையும் மைக்கும் எப்படியும் இருக்கும்.

இப்படிக்கு,
பட்டம் எதுவும் இல்லாத உன் அத்தான்.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது நர்ஸ் ஓடி வந்து கூப்பிட்டார். உன் அக்காவுக்கு மூச்சுத் திணறல். இனித் தள்ளிப்போட முடியாது, நாளைக் காலையே ஆபரேஷன் என்கிறார்கள். நானே ஜெபம் பண்ணிவிடலாம் என்று அவள் தலையில் கை வைத்தேன். இவ்வளவு நீளத்துக்கு வேதம் பேசினேனே, "ஆண்டவரே" என்பதற்கு மேல் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை மாப்பிள்ளை. அவள் கண்ணைத் திறந்து, "நீங்க விடுங்க. தம்பி வருவானா?" என்றாள். "அப்போஸ்தலர் கண்டிப்பா வருவார்" என்றேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள். மேலே எழுதியது எதையும் படிக்காதே. இன்று ராத்திரிக்குள் கிளம்பி வந்து வாசலில் நில். லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. ஒரு நாற்காலி கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நாற்காலியின் முன்கால்களை உன் ஆயுததாரி பிடிப்பார், பின்கால்களை நான் பிடிக்கிறேன், உன்னைத் தூக்கிக்கொண்டே மேலே வருகிறோம்.