கிளிக்குப் பந்தி வைத்த வாத்தியார்

காங்கேயம் பக்கம்,
1936 செப்டம்பர்.

கனம் பொருந்திய மாமா அவர்களுக்கு மருமகன் ஞானாபரணம் வணங்கி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உங்கள் மகள் சாராளும் சுகம். அத்தையின் முழங்கால் வலி இறங்கியிருக்கும் என்று நம்புகிறோம்.

மதுக்கரை சிமெண்ட் ஆலையில் எனக்குக் குமாஸ்தா வேலை பேசி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம் மாமா. யார் என்ன சொன்னாலும் இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு நகரமாட்டேன். உங்கள் காதுக்கு எட்டியதில் பாதி பொய். மீதிப் பாதி நடந்தது இப்படி.

கட்டுரை எழுதச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் புத்தகத்துப் பசுவையே எழுதுகிறார்களே என்று வெறுத்துப்போய், வாராவாரம் அவர்களைக் காடு மேடெல்லாம் நடத்திக் கூட்டிப்போனேன், பறவை வந்தால் சத்தம் போடாமல் பாருங்கள், பார்த்ததைச் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள் என்றேன், இதில் என்ன தப்பு? ஆனால் இந்த ஊரில் கம்பு கதிர் பிடித்துவிட்டால், பள்ளி விட்டதும் பிள்ளைகள்தான் பரண் ஏறித் தகரம் தட்டிக் கிளி விரட்ட வேண்டுமாம். பட்டணத்தில் வளர்ந்த எனக்கு யார் சொன்னார்கள்? பிள்ளைகள் என் பேச்சை மீறாமல் பரண்மேல் அசையாது உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், கிளிகளும் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கின்றன, மறுநாள் காலையில் ஊரே பள்ளி வாசலில் நிற்கிறது.

"ஏனுங்க வாத்தியாரே, புள்ளைகளப் படிக்க உட்டமா, கிளிக்குப் பந்தி வெக்க உட்டமா? எல்லாத்தையும் நிறுத்திப்போடுவோமுங்க" என்றார் கம்பங்காட்டுக்காரர் பொங்கியண்ணன், கையில் கிளி தின்ற மொட்டைக் கதிர்க்கட்டோடு. பிள்ளைகள் நின்றால் பள்ளியையே மூடிவிடுவார்கள் மாமா. அப்போது அவர் மகள் பாப்பாயி, வகுப்பில் வாயே திறக்காதவள், முன்னால் வந்தாள்.

"கிளி கதிர ஒத்தக் கால்ல புடிச்சுக்கிட்டு, நம்ம அப்புச்சி முறுக்குத் திங்கறாப்பலயே கண்ண மூடி மூடித் திங்குதுங்கய்யா. வெரட்ட மனசு வல்லீங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதற்காகத்தானே அத்தனை வெயிலில் நடந்தேன்! பொங்கியண்ணன் மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரிங்க, அறுப்பு முடியற மட்டும் பரண்ல நீங்களே நின்னு வெரட்டிக் குடுங்க, புள்ளைக பள்ளிக்கொடம் வரும்" என்றார். ஒப்புக்கொண்டேன். இனி மாலைதோறும் பரண்மேல் தகரத்தோடு நான். நடையும் நிற்காது, நானும் நகரமாட்டேன்.

அத்தைக்கும் மைத்துனர்களுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உங்கள் வீட்டை நிறைவாக வைப்பாராக.

கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
ஞானாபரணம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் பரணுக்குப் போய்வந்தேன். பாப்பாயி சொன்னது அப்படியே உண்மை மாமா, முறுக்கேதான்! தகரம் எப்போது கையிலிருந்து நழுவியதோ தெரியாது. குனிந்து பார்த்தால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு பொங்கியண்ணன் நிற்கிறார். மதுக்கரை வேலை இன்னும் காலியாக இருக்கிறதா? ஆலைப் பக்கம் கிளிகள் உண்டா என்பதையும் விசாரித்து எழுதவும்.