சம்மதம் சொன்னது நான் அல்ல

லாலாகுடா,
செகந்திராபாத்.

அன்புள்ள இருதயராஜ் அவர்களுக்கு,

சம்பந்தி என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும். இங்கு நானும் செல்லம்மாவும் மகள் ரோகிணியும் சுகம். போத்தனூரில் தாங்களும் ஸ்டெல்லா அம்மாவும், நிச்சயப் புடவை வாங்கிப் பார்சல் அனுப்பும் அளவுக்குச் சுகமாக இருப்பது பார்சலைப் பிரித்ததும் தெரிந்தது.

புடவைக்குள் தாங்கள் வைத்திருந்த கடிதத்தைப் படித்தேன். தாங்கள் போன் செய்தீர்களாம், ரோகிணியைத் தங்கள் மகன் எட்வினுக்குக் கேட்டீர்களாம், நான் உடனே சம்மதித்தேனாம். ரயில்வே பணிமனையில் ஒரே ஷெட்டில் வேலை பார்த்த காலத்தில்கூட நடேசன் வாயிலிருந்து இத்தனை மரியாதையைக் கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்திலேயே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பேசியது நான் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கால் சென்டர் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். கௌரவமான வருமானம். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நாற்காலி போட்டு, சத்தம் வராமலிருக்கச் சுற்றிலும் மெத்தையை நிறுத்தி, தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். மாதாப்பூர் ஆபீசிலிருந்து சாருலதா என்ற பெண் சொல்லிக்கொடுத்தாள். "சார், எதிர்ல ஒரு கண்ணாடி வெச்சுக்குங்க. சிரிச்சுக்கிட்டே பேசினாதான் குரல்ல சிரிப்பு வரும். கஸ்டமர்கிட்ட முடியாதுன்னு மட்டும் சொல்லவே கூடாது." வாழ்நாள் முழுக்க 'முடியாது' என்ற ஒரே வார்த்தையை வைத்து உத்தியோகம் பார்த்தவன் நான். அதையும் பழகினேன். பிறகு குரல் பயிற்சி என்று கட்டுக்கட்டாக வாக்கியங்களை அனுப்பி, படித்துப் பதிவு செய்து அனுப்பச் சொன்னாள். 'கண்டிப்பாக சார்.' 'உங்கள் சிரமம் புரிகிறது சார்.' 'உங்கள் கோரிக்கையை ஏற்றுக்கொண்டோம்.' பெயர், ஊர், கிழமை எல்லாம் படித்தேன். தொண்டை கட்டிப்போனது.

அதற்குப் பிறகு எனக்கு அழைப்புகள் குறைந்தன. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தேன். மாதம் பிறந்தால் சம்பளம் மட்டும் வந்துவிடும், அதுவும் முன்னைவிடக் கூடுதலாக. சாருலதாவிடம் கேட்டால், "அது உங்க வாய்ஸுக்கு சார், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்கிறாள். செல்லம்மாவுக்கு ஒரே பெருமை. நான் ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன்.

கிறிஸ்துமஸுக்கு உங்களுக்கு வாழ்த்துச் சொன்னது கம்பெனி லைனிலிருந்து. அந்த எண்ணைத்தான் நீங்கள் என் பெயரில் பதிந்துகொண்டு கூப்பிட்டிருக்கிறீர்கள். நேற்று மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, அதே எண்ணுக்கு நானும் கூப்பிட்டேன்.

"வணக்கம், நடேசன் பேசுகிறேன். என்ன உதவி வேண்டும்?"

என் குரல். வாக்கியம் முடிந்ததும் நான் தொண்டையைச் செருமுவேனே, அதுவும் செருமியது. குரலில் சிரிப்பு இருந்தது. எதிரே கண்ணாடியில் இருந்த என் முகத்தில் இல்லை.

"நான்தான் நடேசன்" என்றேன்.

"மிக்க மகிழ்ச்சி சார்."

அந்தச் சமயம் அதன் பின்னாலிருந்து, "ஏங்க, போதும், சாப்பிட வாங்க" என்று செல்லம்மாவின் குரல் கேட்டது. எனக்கு எதிரே முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த செல்லம்மா வாயே திறக்கவில்லை. கை மட்டும் நின்றுவிட்டது. "நான் எப்பங்க கூப்பிட்டேன்?" என்றாள், மெதுவாக. நான் படித்தபோது அவள் சமையலறையிலிருந்து கூப்பிட்டது அதற்குள் ஏறியிருக்க வேண்டும் என்று சமாதானம் சொன்னேன். அவள் எழுந்து போய்ச் சமையலறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

நான் விடவில்லை. "இருதயராஜ் மகனுக்கு என் மகளைக் கொடுக்க எனக்குச் சம்மதம் இல்லை" என்றேன்.

"உங்கள் சிரமம் புரிகிறது சார். உங்கள் கோரிக்கையை முன்பே ஏற்றுக்கொண்டோம். ரத்து செய்வதற்குக் காரணம் சொல்ல முடியுமா?"

நான் வாயைத் திறந்தேன். அது காத்திருந்தது. அவசரப்படுத்தவில்லை. மூச்சு விடும் சத்தம் வந்தது. என்னுடையதா அதனுடையதா என்று பிரிக்க முடியவில்லை. ஒரு தடவை செருமியது. நான் போனை வைத்துவிட்டேன்.

ஆகவே, அந்தச் சம்மதம் செல்லாது. புடவையைத் திருப்பி அனுப்புகிறேன். ஸ்டெல்லா அம்மாவுக்கு என் வணக்கத்தையும், இங்கே பாலாநகரில் வேலை பார்க்கும் எட்வினுக்கு, அவன் வேலைக்கு மட்டும், என் ஆசிகளையும் சொல்லவும்.

இப்படிக்கு,
நடேசன் (அசல்)

பி.கு.: கடிதத்தை ஒட்டவில்லை. காரணம் எழுதாமல் மறுப்பது முறையல்ல என்று காலையிலிருந்து யோசித்தேன். அது கேட்டதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. பையன் தங்கமானவன். மதம் என்று எழுதிப் பார்த்தேன். உங்கள் வீட்டு கேக்கைத் தின்ற கை அதற்கு மேல் நகரவில்லை. ஆகவே மெத்தைக்கு உள்ளே இருந்தபடியே, "ரோகிணி, எனக்குச் சம்மதம்மா" என்றேன். மெத்தைக்கு வெளியிலிருந்து இந்த ஊர் பாஷையில் அவள் பதில் வந்தது: "நக்கோ நான்னா, வேணாம்ப்பா. பேசுறது நீங்களா, அதுவா?" நான்தான் என்றேன். "அதுவும் அப்படித்தானே சொல்லும். எங்கே, திட்டுங்க பாப்போம்." திட்டினேன். பக்கத்து வீட்டில் விளக்கு போட்டுப் பார்க்கும் அளவுக்குத் திட்டினேன். அழுதுகொண்டே உள்ளே வந்து கட்டிக்கொண்டாள். சம்பந்தி, மேலே எழுதிய எதையும் மதிக்க வேண்டாம். புடவை இங்கேயே இருக்கும். இதை எழுதியது நான்தான் என்பதற்கு அத்தாட்சி: யோவ் இருதயம், பச்சைக் கலரில் நிச்சயப் புடவை எடுக்கிற மடையன் ஊரிலேயே நீ ஒருத்தன்தான்யா.