கிரீன் கார்டும் என் திருவாயும்

அமெரிக்காவில் இரண்டு இந்தியர்கள் சந்தித்தால் முதலில் ஊரைக் கேட்பார்கள், அடுத்து கிரீன் கார்டைக் கேட்பார்கள். பிள்ளைகுட்டிகளை விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எங்களுக்கு இதைவிட ஆபத்தில்லாத பேச்சு உலகத்திலேயே கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், லின் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

லின் என் மேனேஜர். சீனாக்காரர். பேச்சு ரொம்பக் குறைவு. மீட்டிங்கில் அவர் தலையை ஆட்டினால் அது சம்மதமா, கழுத்து வலியா என்று நாங்கள் குழம்புவோம். நான் அப்போது விசாவில் இருந்தேன். கம்பெனி எனக்கு கிரீன் கார்டு ஃபைல் பண்ண ஆரம்பித்தாக வேண்டும். இல்லாவிட்டால் விசா முடிந்ததும் கலிஃபோர்னியா டப்ளினிலிருந்து கோபிச்செட்டிபாளையத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். (கோபி நல்ல ஊர்தான். ஆனால் "பையன் அமெரிக்காவுல செட்டில் ஆயிட்டான்" என்று அப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.) யாருக்கு ஃபைல் பண்ணுவது என்று முடிவு செய்பவர் லின். நான் எப்போது போய் நின்றாலும் "பார்க்கலாம்" என்பார். அந்தப் 'பார்க்கலா'மில் எனக்கு ராத்தூக்கம் போயிற்று.

குடும்பத்தோடு அவரைச் சாப்பிடக் கூப்பிடுவது என் யோசனை. உப்புப் போட்டவனை ஊருக்கு அனுப்ப யாருக்கு மனசு வரும்?

யோசனை வந்ததும் எனக்குள் இருந்த அதிபுத்திசாலி விழித்துக்கொண்டான். விருந்தாளியோடு பேசுவதற்காக ஒரு வாரம் முழுக்க யூடியூபில் சீன வரலாறு படித்தேன். அதைப் பெருமையோடு என் மனைவி கலையிடம் ஒப்பித்தேன். அவள் வெங்காயம் உரித்தபடியே ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்தாள்.

"எழுபத்தாறுல பெரிய பூகம்பம் கலை, ஒரு ஊரே போச்சு..."

"சோத்துக்கு முன்னால உக்காந்துட்டு எழவுப் பேச்சு எதுக்குங்க?"

"சரி, ஒரே ஒரு குழந்தைதான் பெத்துக்கலாம்னு சட்டம் போட்டாங்களே?"

"அவங்களுக்கே ஒத்தைப் பையன். குத்திக் காட்டற மாதிரி இருக்காதா?"

"மூடிக் கெடந்த காலேஜ் என்ட்ரன்ஸ் எக்ஸாமை மறுபடியும் வச்சாங்க. அது நல்ல சமாச்சாரம்!"

"மூணு அரியர் வச்சவரு பரீட்சையப் பத்திப் பேசறதா?"

"ஹாங்காங்கை வெள்ளைக்காரன் திருப்பிக் குடுத்தது?"

"அவரு எந்தப் பக்கமோ, ஆருக்குத் தெரியும்?"

கடைசியாக, பெய்ஜிங் சதுக்கத்தில் மாணவர்கள் கூடியதையும் டாங்கிகள் வந்ததையும் பற்றி வாயெடுத்தேன். கலை கத்தியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, சொல்லிப்போட்டேன். சீனாவைப் பத்தி ஒரு வார்த்தை பேசப்படாது." எங்கள் மகள் யாழினி பக்கத்தில் உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயது. இங்கேயே பிறந்தவள். தமிழில் சொன்னால் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

சனிக்கிழமை லின்னும் அவர் மனைவியும் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார்கள். பையன் காலேஜில் இருந்தான். கலை அரிசிம்பருப்பு சோறு செய்து, மேலே நெய்யை அருவியாக ஊற்றியிருந்தாள். நான் சத்தியமாக நல்ல பிள்ளையாகத்தான் இருந்தேன். ஃப்ரீவே டிராஃபிக் பேசினேன். வீட்டு விலை பேசினேன். அதுவும் தீர்ந்துபோய் நாலு பேரும் சோற்றைப் பார்த்தபடி சும்மா இருந்தோம். மௌனம் என்றால் எனக்கு ஆகவே ஆகாது. அப்போதுதான் அந்த ஆபத்தில்லாத பேச்சு ஞாபகத்துக்கு வந்தது.

"உங்களுக்கு கிரீன் கார்டு எத்தனை வருஷத்துல வந்தது?" என்றேன். (பேசியது ஆங்கிலத்தில்தான். தமிழில் எழுதும்போது மானம் கொஞ்சம் குறைவாகப் போகிறது.)

"சீக்கிரம் வந்தது. அப்ளை பண்ணினேன், வந்துவிட்டது."

"எந்த கேட்டகிரி?"

"கேட்டகிரி இல்லை. நான் ஹூஸ்டனில் ஸ்டூடன்ட். எங்களுக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள்."

ஸ்டூடன்டுக்கு கிரீன் கார்டு! எனக்குப் பொறாமையில் காது அடைத்தது. எச்சில் கையோடு எழுந்து, இடது கையால் அவர் தோளைத் தட்டினேன். "கங்கிராஜுலேஷன்ஸ்! கொடுத்து வச்சவர் சார் நீங்க!" அத்தோடாவது நிறுத்தியிருக்கலாம். "இந்தியாக்காரங்களுக்கும் அப்படி ஒரு சட்டம் வரணும். அதுக்கு என்ன நடக்கணும் சொல்லுங்க, நடத்திப்புடலாம்!"

லின் ஸ்பூனைக் கீழே வைத்தார். அவர் மனைவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்பத்தொன்பது, ஜூன்," என்றார் லின்.

ஒரு வாரம் படித்தவனல்லவா? அந்தச் சதுக்கத்துக்கு டாங்கிகள் வந்த மாதம் என்று உடனே புரிந்துவிட்டது. பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். கலை என்னைப் பார்த்த பார்வையில் பாலே திரிந்திருக்கும். அப்போது பார்த்து யாழினி கணீரென்று கத்தினாள்: "அப்பா! அம்மா செட் நோ சைனா!"

நான் "சாரி" என்றேன். எத்தனை முறை என்று தெரியாது. தண்ணீர் என்று நினைத்து மோரை எடுத்து அவர் டம்ளரில் ஊற்றினேன். லின் அதை நிதானமாகக் குடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

ஹாஸ்டல் ஹாலில் டிவி முன்னால் எல்லோரும் நின்றுகொண்டே பார்த்தார்களாம். அந்தச் சதுக்கத்தில் அவருடைய பழைய ரூம்மேட் இருந்தான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மறுநாள் இவரும் நண்பர்களும் ஹூஸ்டனில் இருந்த சீனத் துணைத் தூதரக வாசலில் போய்த் தொண்டை கிழியக் கத்தினார்கள். அந்தப் படம் பேப்பரில் வந்தது. அப்புறம் ஊருக்குப் போக பயம். அப்படித் திரும்ப முடியாதவர்களுக்காகப் போட்ட சட்டத்தில்தான் கிரீன் கார்டு கைக்கு வந்தது. அம்மாவின் கடைசி நேரத்தில் அண்ணன் ஃபோன் ரிசீவரை அம்மா காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாராம். இவர் இங்கிருந்து பேசினாராம்.

கலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரைக் கேட்காமலேயே இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அப்போது லின் சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்ததே இல்லை. "இதைச் சொன்னாலே எல்லோரும் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். அதனால் சொல்வதையே விட்டுவிட்டேன். தோளைத் தட்டி வாழ்த்துச் சொன்ன முதல் ஆள் நீதான்!" சொல்லச் சொல்லச் சிரிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. அவர் மனைவிக்கும் தொற்றிக்கொண்டது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நான் மட்டும் எச்சில் கையோடு நின்றுகொண்டிருந்தேன்.

அவர்கள் கிளம்பிப் போனதும் கலை பரணிலிருந்து சூட்கேஸை இறக்கினாள்.

திங்கட்கிழமை லின் கூப்பிட்டார். அவர் ரூமுக்குப் போனேன்.

"அதற்கு என்ன நடக்கணும் என்று கேட்டாயே," என்றார். "ஒன்றும் நடக்க வேண்டாம். யாரும் சாக வேண்டாம். ஒரு மேனேஜர் கையெழுத்துப் போட்டால் போதும். போட்டுவிட்டேன்."

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். பேசிப் பேசியே மானத்தை வாங்கிய வாய், பேச வேண்டிய நேரத்தில் அடைத்துக்கொண்டது. லின் என் தோளைத் தட்டினார். (வலது கையால், சுத்தமான கையால்.)

போன வருஷம்தான் கார்டு கைக்கு வந்தது. இந்தியர்களின் வரிசை அப்படி. லின் இப்போது ரிடையர் ஆகிவிட்டார். இந்த ஊரில் எங்களுக்கு இருக்கும் சொந்தம் அவரும் அவர் மனைவியும்தான். என் மகள் இங்கே படித்து வளர்ந்ததும், அப்பா பஸ் ஸ்டாண்டில் தலை நிமிர்ந்து நடந்ததும் அந்த மனுஷன் போட்ட பிச்சை. இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

கார்டு வந்ததற்குக் கொடுத்த விருந்தில், கலை எல்லோர் முன்னாலும் அவளுடைய பழைய பல்லவியைப் பாடினாள். "தவளை தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க. வாயால பொழச்ச ஒரே தவளை எங்க வீட்டுக்காரருதான்!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என்ன சொல்கிறார்கள் என்று லின் கேட்க, யாழினி மொழிபெயர்த்துச் சொன்னாள்.

லின் என் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, ஹூஸ்டனில் கிழியக் கத்திய தன் தொண்டையை இன்னொரு கையால் தொட்டுக் காட்டி, கலையைப் பார்த்துச் சொன்னார்:

"ஒன்று இல்லை, கலை. இரண்டு தவளை."